தேநீர் மேசைக்கு மேல் மாட்டியிருக்கும் குடு மான் தலையை இறக்கக் கோரி

அனுப்புநர்:
லாஹ்யா ஷிவுதே,
கொம்பு சீரமைப்பவர்,
சந்தைத் தெரு, ஒகருமே, நமீபியா.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள்,
வனவிலங்குக் காப்பு அலுவலகம், ஒகருமே.

பொருள்: என்னிடம் பறிமுதல் செய்த பழைய மான் தலையில் நஞ்சு இருப்பது – உடனே அகற்ற வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பாடம் செய்த பழைய விலங்குத் தலைகளின் கொம்புகளைத் துலக்கிச் சீர்செய்வது என் தொழில். விடுதி நடத்தும் ஹெர்தா அம்மையார், தம் உணவறையில் தலைமுறைகளாகத் தொங்கிய குடு மான் தலையை என்னிடம் கொடுத்தார். புகை படிந்து, பூச்சி அரித்து, கொம்பு சாம்பல் பூத்துக் கிடந்தது. கொம்பின் திருகுதோறும் பல் தூரிகையால் அழுக்கெடுத்து, துளைகளைக் கரி கலந்த மெழுகால் அடைத்து, ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, கொம்பு மின்னியது.

2. சோதனைக்கு வந்த தங்கள் காவலர் திரு. கவுபா அதைப் பார்த்து வியந்தார். "நேத்துதான் சுட்ட மாதிரி இருக்குல்ல?" என்று நானும் பெருமையடித்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. அவர் அதையே வாக்குமூலமாக எழுதிக்கொண்டார். "வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டீங்களே, மேமே" என்று அம்மா முறை வைத்தே சொல்லி, கள்ள வேட்டை வழக்குப் போட்டு, தலையையும் எடுத்துச் சென்றார். ஹெர்தா அம்மையாரோ ஜெர்மனிக்குப் போயிருக்கிறார், தொலைபேசியை எடுப்பதில்லை.

3. வழக்கை நினைத்தும் பயம்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க அக்காலத்தில் உட்புறம் ஆர்சனிக் பாஷாணம் பூசுவார்கள். இந்தத் தலையில் காதோரம் தோல் வெடித்து வெள்ளைப் பொடி உதிர்ந்ததால், அதன் முகத்தைப் பாலித்தீன் பையால் கட்டி வைத்திருந்தேன். படம் பிடிப்பதற்காகக் காவலர் அதைக் கிழித்தார். விஷம் என்று சொன்னேன். "விஷம்னா நீங்க எப்படி இன்னும் உசிரோட நிக்கிறீங்க?" என்று சிரித்தார். முகமூடியும் கையுறையும் போட்டுத்தான் வேலை செய்கிறேன் என்றதைக் காதில் வாங்கவில்லை. தலையைத் திரும்ப வாங்க நான் போடும் நாடகம் என்று நினைத்துவிட்டார் போலும்.

4. வழக்குக்காகக் கையெழுத்துப் போட நேற்று வந்தபோது, தலை தங்கள் அலுவலகத் தேநீர் மேசைக்கு நேர்மேலே மாட்டியிருக்கக் கண்டேன். துப்புரவுப் பணியாளர் எமீலியா இறகுத் துடைப்பத்தால் அதன் காதைத் தட்டிக்கொண்டிருந்தார். கையில் உறை இல்லை. கீழே சர்க்கரைக் கிண்ணம் திறந்திருந்தது. நான் கத்தியதும் காவலர் என்னை வெளியே அனுப்பிவிட்டார். அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

5. இப்போது யாரும் அந்தப் பாஷாணம் பூசுவதில்லை என்பதால், பொடியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் தலை பழையது என்பது தெரிந்துவிடும். என் பக்கம் பேச வேறு சாட்சி இல்லை. இதைப் படித்துப் பயந்து தலையை எரித்துவிடுவார்களோ என்றும் அஞ்சுகிறேன். எரித்தால் புகையும் நஞ்சு, என் வழக்கும் போயிற்று. ஆனாலும் எழுதாமலிருக்க மனம் கேட்கவில்லை.

ஆகவே ஐயா, வழக்கைத் தங்களுக்கு நேரம் இருக்கும்போது விசாரியுங்கள். தலையை இன்றே பாதுகாப்பாக இறக்கிக் கட்டிவைக்க உத்தரவிடுங்கள். எமீலியாவை மருத்துவரிடம் அனுப்புங்கள். இந்த மனுவைப் படிக்கும்போது தங்கள் கையில் தேநீர் இருந்தால், தயவுசெய்து குடிக்க வேண்டாம்.

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) லாஹ்யா ஷிவுதே

இடம்: ஒகருமே
நாள்: 14 ஆகஸ்ட் 2019