எட்டுப் பேர் இருக்கும் படம்

சேசு மரி சூசை துணை

பாம்பன்
3-11-1962

பேசாலையில் இருக்கும் தங்கை செபஸ்தியம்மாளுக்கு உன் அக்காள் எழுதிக்கொண்டது.

அன்று இருந்தவர்கள்: நம் அய்யா சூசைமுத்து, நாற்காலியில். உன் மாமியார் இஞ்ஞாசியம்மாள், இன்னொரு நாற்காலியில். நம் அம்மா யாகப்பம்மாள், அய்யாவுக்குப் பின்னால் நின்றபடி. என் வீட்டுக்காரர் சவேரியார். உன் மாப்பிள்ளை கஸ்பார், கையில் குடையோடு. கல்யாணச் சேலையில் நீ. உனக்குப் பின்னால் என் மகன் எட்வர்ட். ஓரத்தில் நான். ஆக எட்டுப் பேர். இதில் ஏழு பேரை ஏதோ ஒரு வகையில் மன்னித்துவிட்டேன். ஒரு ஆளை மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

எந்தப் படத்தைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். உனக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள், நீ தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுகிற அன்று காலையில் எடுத்தது. சுதந்திரம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ராமநாதபுரத்துப் போட்டோக்காரர் ஊர் ஊராகக் கொடியேற்றத்தையே படம் பிடித்துக்கொண்டு வந்ததில் ஒரே ஒரு கண்ணாடித் தகடுதான் மிச்சம் என்றார். நாற்காலி இரண்டுதான். ஒன்று அய்யாவுக்கு, ஒன்று அம்மாவுக்கு என்று கோவிலிலிருந்து தூக்கிவந்தது நான். உன் மாமியார் கேட்காமல் போய் உட்கார்ந்தார். அம்மா நின்றாள். உன் மாமியார் செத்து ஐந்து வருடமாகிறது என்று கேள்விப்பட்டேன். அதனால் மன்னித்தேன்.

எட்வர்டுக்குப் பதினேழு வயது. அவன் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு கை விரல் தெரியாமல் நின்றான். கஸ்பார் மாப்பிள்ளை நிழலில் நின்றுகொண்டு குடை பிடித்ததைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போட்டோக்காரர், "ஏலே, பல்லக் காட்டாதல! இருக்கிறது ஒத்தத் தகடு" என்று அதட்டினார். அதனால் வாயை மூடிக்கொண்டு கன்னத்தில் சிரிப்பை அடக்கி வைத்திருக்கிறான். இதெல்லாம் எனக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது. அன்று மத்தியானம் என்ன மீன் ஆணம் என்றுகூடச் சொல்வேன். ஊளி மீன். அதில் புளி தூக்கல் என்று உன் மாமியார் சொன்னதும் நினைவிருக்கிறது.

ஆனால் எட்வர்டின் முகம் எனக்கு வரவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சட்டை வருகிறது, கை வருகிறது, வலைக்கு முடிச்சுப் போடும்போது நாக்கைக் கடிப்பானே, அது வருகிறது. முகம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் பட்ட தண்ணீர் மாதிரி இருக்கிறது. மச்சம் இடது கன்னம் என்று நான் சொல்கிறேன். வலது கன்னம் என்று மருமகள் லூர்து சொல்கிறாள். அவள் அவனோடு வாழ்ந்தது பதினோரு மாதம். நான் இருபத்து மூன்று வருடம். ஆனாலும் அவள் சொல்லும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

அவன் போன கதையை உனக்கு நான் சொல்லவே இல்லை. தந்தியில் நான்கு வார்த்தைதான் போட்டோம். ஒன்பது வருடத்துக்கு முன், ஐப்பசியில் வாடை பிறக்கிற நேரம். குருசடைத் தீவுப் பக்கம், அவன் மீன்பிடிக்கப் போன பாய்மர வத்தை கவிழ்ந்து கிடந்தது. பாய் கிடைத்தது, வலையில் பாதி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் கரையில் உட்கார்ந்து பார்த்தோம். பத்தாம் நாள், நம் வழக்கப்படி, பெட்டியில் அவன் சட்டையையும் கைலியையும் கழுத்தில் போடும் உத்தரியத்தையும் வைத்து அடக்கம் செய்ய ஏற்பாடு. உபதேசியார் ஜெபம் சொல்லித் தொடங்கிவிட்டார். ஆணி அடிக்கப் போகும்போது எனக்குப் பொறுக்கவில்லை. முகமில்லாமல் ஒரு பிள்ளையை எப்படி மண்ணில் வைப்பது என்று கேட்டேன். அம்மா சொல்லுவாளே, முகமில்லாத பெட்டியைப் புதைத்தால் போனவன் கடலுக்கும் கரைக்கும் நடந்துகொண்டே இருப்பான் என்று. சுவரில் இருந்த இந்த எட்டுப் பேர் படத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, முகம் மேலே பார்க்கச் சட்டைமேல் வைத்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் என் பேரைச் சொல்லி, "அற்புதம், வேற படம் கிடையாதே" என்றார். தங்கச்சியிடம் ஒன்று இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அவ்வளவு சுலபமாகத்தான் தெரிந்தது.

நீ வரவில்லை. எட்வர்டை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. அவன் உன்னைச் சித்தி என்று கூப்பிட்டதே இல்லை, பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். பேசாலையிலிருந்து தலைமன்னார் பக்கம்தான், அங்கிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம். பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நாள், முப்பது நாள். பெர்மிட் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். நாம் பிறந்ததிலிருந்து அந்தக் கடலில் யார் பெர்மிட் கேட்டது? எனக்கு அது காரணமாகவே படவில்லை.

நாற்பதாம் நாள் கழித்து நீ வந்து வாசலில் நின்றாய். நான் கதவைத் திறக்கவில்லை. நான் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "பெட்டி போனதுக்கு அப்புறம் வாற சொந்தம் எனக்கு வேண்டாம். வந்த வழியே போயிரு." நீ வெளியே நின்று, "அக்கா, உள்ள வரல. கதவ மட்டும் தெற. ஒண்ணு குடுத்திட்டுப் போயிருதேன்" என்றாய். கொழும்புச் சோப்பும் சீட்டித் துணியும் கொண்டு வந்திருப்பாய் என்று நினைத்தேன். வரும்போதெல்லாம் அதைத்தானே கொண்டு வருவாய். "உங் கையால ஒரு மொழக் கயிறுகூட வேண்டாம்" என்றேன். பிறகு மணலில் நடக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கோபத்தை ஒன்பது வருடமாக நான் ஒரு நாள்கூடக் கீழே வைக்கவில்லை.

இப்போது போன வாரத்துச் சங்கதி. பெரியபட்டினத்துச் சங்கு வியாபாரி ஜெய்னுலாபுதீன் பாய் உனக்குத் தெரியும். சங்கு வாங்க வந்தவர், எப்போதும் வாசலோடு போகிறவர், அன்று வீட்டுக்குள் குனிந்து சுவரைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, அந்தப் படத்த மாட்டலையா? அரிச்சிருச்சா?" என்று கேட்டார். எந்தப் படம் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மவன் தவறுன அந்த வருசம் ஒங்க தங்கச்சி வந்த கப்பல்லதான் நானும் வந்தேன். அலை தெறிக்குதுன்னு மடியில ஒரு படத்தத் துணியால பொத்திக்கிட்டே வந்துச்சு. யாரும்மான்னு கேட்டேன். தெறந்து காட்டி, இவந்தான் அக்கா மவன்னு சொல்லுச்சு. அக்கா தன் படத்தப் பொட்டியில வச்சிட்டாகளாம், மச்சான் காயிதம் போட்டாரு, அதான் எம் படத்தக் குடுக்கப் போறேன்னுச்சு. குடுக்கலையா?" சங்கை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, அல்லா நாடினால் திரும்பக் கிடைக்கும் என்று சொன்னார்.

என் வீட்டுக்காரர் உனக்குக் கடிதம் போட்டது எனக்குத் தெரியாது. அன்று நான் கதவைச் சாத்தியபோது அவர் கடலில் இருந்தார். நீ வந்து போனதைப் பிறகு சொன்னேன். கயிற்றைத் திரித்துக்கொண்டே கேட்டார். சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று நினைத்திருப்பார். அவரையும் மன்னித்தேன்.

ராமநாதபுரத்துக்கும் போய் வந்தேன். போட்டோக்காரர் இல்லை, அவர் மகன் இருக்கிறான். பழைய தகடுகளையெல்லாம் வெந்நீரில் போட்டுச் சுரண்டி, கண்ணாடியைச் சாமி படங்களுக்குச் சட்டம் போட விற்றுவிட்டானாம். நம் எட்டுப் பேர் இருந்த கண்ணாடிக்குப் பின்னால் இப்போது எந்த வீட்டில் எந்தச் சாமி இருக்கிறதோ. கல்லறையைத் தோண்டலாமா என்று பங்குச் சாமியாரிடமும் கேட்டேன். ஒன்பது வருட உப்பு மணலில் காகிதம் இருக்காதம்மா என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதே பெரிது.

இனி என் பேத்தி மதலேன் விஷயம். எட்வர்ட் போய் மூன்றாம் மாதம் பிறந்தவள். வருகிற மாதம் எட்டாம் தேதி, மாதா திருநாளன்று, அவளுக்குப் புதுநன்மை; முதன்முதலாகக் கோவிலில் நற்கருணை வாங்கப்போகிறாள். நம் வீட்டு வழக்கம் நான் சொல்லவேண்டியதில்லை. புதுநன்மைக்குப் போகிற பிள்ளை தகப்பன் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டுதான் வாசலிறங்க வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளை அவன் படத்தைத் தலையில் வைத்து எடுக்கும். நம் அம்மா அப்படித்தான் போனாள், தாத்தா கோட்டுப் போட்டு எடுத்த படத்தை வைத்து. மதலேனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். சொன்னபிறகுதான், அவளுக்கு வைக்கப் படம் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

அவள் தன்பாட்டுக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டாள். பீடிக்கட்டு லேபிளில் ஒரு மீசைக்காரர் இருப்பாரே, பீடிக் கம்பெனி முதலாளி, அவரை அழகாக வெட்டி ஜெபப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும், "இவுகதான் எங்க அய்யா, தொப்பி வாங்கப் போயிருக்காக" என்று சொல்லியிருக்கிறாள். சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்து அவளை அடித்தேன். அடித்தபிறகு லூர்து என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. எட்வர்டுக்கு மீசையே அரும்பித்தான் இருந்தது.

நேற்று கல்லறைத் திருநாள். மெழுகுவத்தி கொளுத்தும்போது, "அப்பத்தா, அய்யா உள்ள இல்லைன்னா யாருக்குக் கொளுத்துறோம்?" என்று கேட்டாள். சட்டைக்கு என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "படத்துக்கும்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். மண்ணில் காதை வைத்துப் பார்த்தாள்.

அவனுடைய வலை ஊசியும், அவன் முடிந்த வலையில் ஒரு முழமும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அவன் முடிச்சு தனி, இரண்டு தரம் சுற்றி இழுப்பான். மதலேன் அந்தக் கண்ணிகளில் விரலை விட்டுப் பார்ப்பாள். அதைத் தலையில் வைத்துக்கொள் என்று சொல்லலாம். அது அவன் கை. அவள் கேட்பது முகம்.

அதனால் உன்னிடம் இருக்கும் படத்தை நான் கேட்கிறேன். கேட்கிற உரிமை இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன். அன்று திரும்பிப்போன பிறகு என் முகத்தை ஊசியால் சுரண்டியிருந்தால் அது நியாயம்தான். உன் இடத்தில் நானிருந்தால் கப்பலிலேயே சுரண்டியிருப்பேன். பரவாயில்லை. நான் ஓரத்தில்தான் நிற்கிறேன், கத்தரித்துவிட்டாலும் அவனுக்குச் சேதமில்லை. படத்தை நீயே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், எட்டாம் தேதி காலையில் ஒரு நாழிகை அவள் தலையில் இருக்கட்டும், பிறகு எடுத்துப் போய்விடு. தபாலில் போடாதே. மடங்கிவிடும். நீயே மடியில் வைத்துக் கொண்டு வா. பெர்மிட்டுக்கு இன்றே எழுதிப்போடு. பெர்மிட் தாமதமானால், இந்தத் தடவை அது காரணமென்று ஒப்புக்கொள்கிறேன். ஜெய்னுலாபுதீன் பாய் இருபதாம் தேதி அந்தப் பக்கம் வருகிறார், அப்படியானால் அவரிடம் கொடு.

அன்று சாத்திய கதவைக் கறையான் தின்றுவிட்டது. இப்போது ஓலைத் தட்டிதான். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது.

சந்தியாகப்பர் உன்னையும் கஸ்பார் மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் காத்து, கப்பலில் காற்றைச் சாந்தமாக வைக்கட்டும். மாப்பிள்ளையைக் குடை கொண்டுவரச் சொல்.

எட்டுப் பேரில் ஒரு ஆளை மன்னிக்கவில்லை என்று மேலே எழுதினேன். அது நீயென்று நினைத்துக்கொண்டே இவ்வளவு தூரம் படித்திருப்பாய். ஒரு படத்தை மண்ணில் வைத்தவள், இன்னொரு படத்தை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியவள். அவள் பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அற்புதம்மாள்