ரோசா கேட்காமல் விட்ட பல்

டில்லி
7-11-1983

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சிறுபான்மைச் சமூகங்களிலிருந்து வந்த பல் மருத்துவர்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். நாளைக்கு அரசாங்கத்தின் பல் நலத் திட்டங்களை நாங்களே வகுக்க வேண்டுமாம். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. பல்லைப் பிடுங்கச் சொன்னால் பிடுங்குவேன். அதிகாரிகள் முன்னால் வாயைத் திறக்கத்தான் வரவில்லை.

இப்போது ஒரு சிக்கல். நம் பிள்ளைச்சாவடி மீனவப் பெண்களிடம் நான் எடுத்த பல் கணக்கை இங்கே கொடுத்தேன். "ஆஸ்பத்திரியில் எடுத்த பற்கள்" என்ற இடத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் பூஜ்யம். "இவ்வளவு நல்ல பல் உள்ள ஊருக்கு வெள்ளிக்கிழமை பல் கிளினிக் எதற்கு?" என்கிறார் இங்குள்ள திட்டக் குழுத் தலைவர். டிசம்பர் ஐந்தாம் தேதிக் கூட்டத்தில் அதை மூடிவிட முடிவெடுப்பார்கள். நீ அந்த ஊர் நர்ஸ். என் கணக்குத் தாளின் நகல் இத்துடன். விசாரித்து எழுது.

உன் தங்கை
ரோசா

புதுச்சேரி
16-11-1983

பிரியமுள்ள ரோசாவுக்கு,

காரியம் என்றால்தான் அக்கா நினைவு. ஞாயிறு பூசையில் அம்மா உனக்காக மெழுகுவத்தி ஏற்றினாள். அவளுக்கு ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

மீன் கூடையை இறக்கிவைத்த தையல்நாயகியை வாயைத் திறக்கச் சொன்னேன். ஆறு பல் இல்லை. உன் தாளில் அவளுக்குப் பூஜ்யம். கேட்டால், "ஆஸ்பத்திரில எடுத்த பல்லு எத்தினின்னு கேட்டாங்க, இல்லன்னேன். ஆடுற பல்ல வலை நூல் கட்டி நாங்களே இழுத்துப் போட்டுடுவோம். அத யாரு கேட்டாங்க?" என்கிறாள்.

நாற்பது பேர் வாயைப் பார்த்து எழுதிய தாள் இத்துடன்.

உன் அக்கா
அந்தோணிமேரி

டில்லி
23-11-1983

அக்கா,

உன் தாள் கிடைத்தது. அந்தப் பெண்கள் சரியாகத்தான் சொன்னார்கள், தப்பாகக் கேட்டவள் நான். வந்த முதல் நாளே இங்கே ஓர் அதிகாரி என் காதுபட, "இவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தால் இப்படித்தான்" என்றார். இப்போது நானே எழுந்து என் தப்பைச் சொன்னால் மற்ற பதினொரு பேருக்கும் தலைகுனிவு. சொல்லாவிட்டால் கிளினிக் போய்விடும். பயமாக இருக்கிறது.

ரோசா

புதுச்சேரி
29-11-1983

ரோசா,

பயந்தால் பயந்துகொண்டே சொல். நேற்று தையல்நாயகியின் மகள் கன்னம் வீங்கி வந்தாள். வெள்ளிக்கிழமை வா என்று அனுப்பினேன். இன்னும் எத்தனை வெள்ளிக்கு அப்படிச் சொல்லலாம் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அந்தோணிமேரி

டில்லி
6-12-1983

என் அன்பான அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். நீ சொன்னபடி பயந்துகொண்டேதான். "அந்த ஊர்ப் பல் நன்றாக இல்லை. என் கேள்விதான் தப்பு" என்று உன் தாளை மேசைமேல் வைத்தேன். பிறகு எங்கள் பன்னிரண்டு பேரில் அசாமிலிருந்து வந்தவர் எழுந்து, "நானும் ஆஸ்பத்திரியில் எடுத்த பல்லைத்தான் கேட்டேன்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிளினிக் தொடரும். எல்லா ஊர்களுக்கும் புதிதாகக் கேள்வி எழுதும் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். ஊராரின் வாயைப் பார்த்த நர்ஸ் ஒருத்தி குழுவில் இருந்தால்தான் நான் இருப்பேன் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன், ஜனவரியில் கூட்டம். உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். திட்டுவதென்றால் இங்கே வந்து திட்டு.

உன் தங்கை
ரோசா