ஊற்றியது நான்தான்

இன்று காலை அம்பாங்கானில் ஒரு கார் பட்டறை வாசலில் காத்திருந்தேன். உள்ளே யாரோ உடைந்த பம்பரை ஃபைபர் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரெசின் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. உனக்கு அந்த வாசனை பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் எத்தனை வருடம் அதற்குள்ளேயே நின்றாய்!

பகாவ் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது நம் ஃபைபர் தண்ணீர்த் தொட்டிப் பட்டறை. ஒரே தோட்ட லயத்து வீடுகளில் வளர்ந்த நாம், ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தோம். எனக்குக் கலவை அளக்கும் வேலை, உனக்குச் சாமான் அறை. ரெசினில் முதலில் ஊதா நிறக் கோபால்ட்டைக் கலக்க வேண்டும். அது நன்றாகக் கலந்த பிறகுதான் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர். அவை இரண்டும் நேராக ஒன்றோடொன்று சேர்ந்தால் தானாகச் சூடேறி வெடிக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே நம் இருவருக்கும் இதைச் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன். நீ மனதில் எழுதிக்கொண்டாய்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. எனக்கு அவசரம். கோபால்ட் அளந்த அதே குவளையைத் துணியால் துடைத்துவிட்டு, அதிலேயே ஹார்டனரை அளந்தேன். கொஞ்சம் மிஞ்சியது. வீணாகப் போகிறதே என்று திரும்பக் கேனில் ஊற்றி, சாமான் அறையில் வைத்துவிட்டுப் போனேன்.

சாப்பிட்டு வந்து பார்த்தால் நீ அறை வாசலில் நிற்கிறாய். எல்லாரும் வெளியே போங்கள், ஓடாமல் நடங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உள்ளே கேன் உப்பியிருந்தது. அதைத் தூக்கி வெளியே போட்டுவிட்டால் போதும் என்று நான் பாய்ந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"தொடாத. அது எப்ப வெடிக்கும்னு யாருக்கும் தெரியாது. சாமான் போனா போவுது லா, நீ வா."

காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போய், தூரத்தில் செம்பனை மரங்களுக்கு நடுவில் நின்றோம். நீ எங்களை இரண்டு தடவை எண்ணினாய். பிறகு பொம்பா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை கேன், எந்தப் பக்கம் ரெசின் டிரம் என்று அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாய். நீ போனை வைக்கவும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போனது. தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் அறை முழுக்க நெருப்பு. ஆனால் ஒருவர்மேலும் ஒரு கீறல்கூட இல்லை.

அங்கேயே உன்னிடம் சொல்லிவிட்டேன், மிச்சத்தைத் திரும்ப ஊற்றியது நான்தான் என்று. வெளியே சொல்லாதே என்பாய் என்று காத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ என் பக்கம் திரும்பினாய். "சொல்லிரு," என்றாய். "நீ சொல்லலன்னா, கேன் வெயில்ல சூடாயிருச்சுன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. நாளைக்கு இன்னொருத்தி இதையேதான் செய்வா."

உனக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாய் என்று கோபப்பட்டேன். பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தேன். மறுநாள் காலை முதலாளி அறைக்கு நான் போனபோது, கூப்பிடாமலேயே நீயும் வந்து பக்கத்தில் நின்றாய். எனக்கு மலாயில் வார்த்தை திக்கியது. நீ குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாய். தனித்தனிக் குவளை வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் இரண்டு முறை கேட்டதையும், கிடைக்கவில்லை என்றதும் சும்மா இருந்துவிட்டதையும் சொல்லி, அதனால் இதில் உனக்கும் பங்கு உண்டு என்றாய். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். என் வேலை போகவில்லை. ஹார்டனருக்கென்று நிழலில் தனி அறை கட்டினார்கள்.

நீ நோயில் படுத்து, சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதையெல்லாம் சொல்லி நன்றி சொல்ல வந்தேன். நீ பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாய். நான் சொல்வதற்குள் நீ போய்விட்டாய். இப்போது சொல்கிறேன்: என் உயிருக்கும், அதன் பிறகு நான் நிமிர்ந்து நடந்த நாட்களுக்கும் நன்றி.

இப்போது ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே அந்தக் கேன் கதையைச் சொல்கிறேன். ஊற்றியது நான்தான் என்று தொடங்குவேன்.

போன மாதம், மூன்று பிள்ளைகளுக்குத் தாயான ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, எண்ணெய்த் துணியெல்லாம் மூட்டையா கட்டிப் பின்னாடி போட்டுட்டேன். இப்ப தொட்டா சுடுது."

மரத்துக்குப் பூசும் அந்த எண்ணெய் ஊறிய துணியைக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். பக்கத்தில் இருந்தவர்களை விலக்கி, தள்ளி நின்று குழாயால் தண்ணீர் பீய்ச்சி நனைத்தோம். புகை வருவதற்கு முன்பே அடங்கிவிட்டது. வேலை போய்விடுமே என்று அவள் அழுதாள். மேனேஜர் அறைக்கு அவளோடு நானும் போனேன். அவள் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் பக்கத்தில் நின்றேன்.