ரூஃபஸின் நீலக் கோப்பை

அன்பு மகள் மெரிடித்துக்கு அம்மா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், அந்தக் குளிர்தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும் என்பதே என் அன்றாட ஜெபம். நார்வேயில் இன்னும் பனி விடவில்லை என்றாயே, குழந்தையின் காதை மூடாமல் வெளியே தூக்காதே. இங்கே அலபாமா வெயில் மண்டையைப் பிளக்கிறது, அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தோட்டத்தில் தக்காளி மட்டும் கொள்ளை. நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. கோபம் இல்லை கண்ணு, வெட்கம். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

நம் ஊரில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசவேண்டும் என்று மேயர் ஆரம்பித்த வியாழக்கிழமைக் கூட்டம் உனக்குத் தெரியுமே. நூலகக் கூடத்தில் மேசை போட்டு, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து, சாப்பிட்டுக்கொண்டே பழைய கதை, பட்ட காயம் எல்லாம் பேசுவது. என் மேசையில் பிரூயிட் அம்மா. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் கறுப்பர் குடியிருப்பைச் சேர்ந்தவர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், என் பீச் பழக் கேக்கை ஒரு வாய் போட்டுக்கொண்டு, ‘என்ன நெல்டாம்மா, சர்க்கரை மூட்டையை அப்படியே கவுத்துட்டீங்களா?’ என்று கேட்பவர். போன வருஷம் அவருடைய மூத்த மகன் ரூஃபஸ் மாரடைப்பில் போய்விட்டான். இளையவன் கிளிஃப்டனுக்கும் அதே கோளாறு, வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதை அவர் சொன்ன அன்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அழுவதில் நான் கெட்டிக்காரி, உனக்குத் தெரியாததா.

பேசிப் பேசி என்ன கிழித்தோம், ஏதாவது செய்யவேண்டாமா என்று நான்தான் ஆரம்பித்தேன். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நம் வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் பளிச்சென்று இருக்கின்றன, அந்தப் பக்கம் கறுப்பர்களுடையது புதர் மண்டிக் கிடந்தது. நம் சபைப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய்ச் சுத்தம் செய்துவிடலாம், அவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. ‘ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயேன்’ என்றார் அப்பா. நல்லது செய்ய என்ன கேட்பது என்று அவர் வாயை அடைத்தேன். அங்கே போனால் கல்லறைகளின்மேல் உடைந்த தட்டு, கைப்பிடி போன கோப்பை, சிப்பி, நின்றுபோன கடிகாரம். ஐயோ பாவம், யாரோ இதைக் குப்பைமேடாக ஆக்கிவிட்டார்களே என்று உச்சுக்கொட்டிக்கொண்டே மூட்டை மூட்டையாக அள்ளி லாரியில் ஏற்றினோம். செய்தித்தாளில் படம் வந்தது. நீ பார்த்துவிட்டு ‘இவங்கதான் எங்கம்மா’ என்று அங்கே எல்லாருக்கும் காட்டியதாகச் சொன்னாயே, அந்தப் படம்தான்.

அடுத்த வியாழக்கிழமை பிரூயிட் அம்மா சாப்பிட எதுவும் கொண்டுவரவில்லை, உட்காரவும் இல்லை. அந்தப் படத்திலிருந்து வெட்டிய ஒரு துண்டை உயர்த்திக் காட்டினார். எங்கள் முகத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டார், மிச்சம் ஒரு கை, மூட்டையின் வாய், அதில் ஒரு நீலக் கோப்பை. ‘எம்பிள்ளை கடைசியாக் காப்பி குடிச்ச கோப்பை இது. நானே என் கையால ஒடைச்சு அவன் தலைமாட்டுல வச்சேன். எங்கள்ல அப்படித்தான். ஒடைச்சு வச்சா சாவு அதோட அறுந்துபோகும், வீட்டுல அடுத்த ஆளைத் தொடாது. எனக்கு இன்னும் ஒருத்தன் இருக்கான்’ என்றார். குரலை உயர்த்தவே இல்லை. ‘இது யாரோட கை?’ என்று கேட்டார்.

படத்திலிருந்த அந்தக் கையின் விரலில் என் அம்மா எனக்குக் கொடுத்த பச்சைக்கல் மோதிரம் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, கையை மெல்ல மேசைக்கு அடியில் விட்டுக்கொண்டேன். நம் சபை பாஸ்டர் ஹாலிஸ் எழுந்து, ‘அது நம்ம எல்லாரோட கையுந்தான், எல்லாருமே பொறுப்பு’ என்று உருக்கமாகச் சொன்னார். ஆமென் ஆமென் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆமென் சொன்னேன், மெரிடித். பிரூயிட் அம்மா துண்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

விடிந்ததும் குப்பைக்கிடங்குக்கு ஓடினேன். எங்கள் மூட்டைகளின்மேல் எத்தனையோ லோடு கொட்டி மண் தள்ளி மூடியாயிற்றாம். அங்கிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வலைக்கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றார். அது என் கைதான் என்றேன். ‘தெரியும். மோதிரத்தைப் பாத்தேன். நேத்து நீங்களா எந்திரிக்கிறீங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்’ என்றார். மன்னித்துவிடுங்கள் என்று அழ ஆரம்பித்தேன். ‘மன்னிச்சேன்னு சொன்னா நீங்க வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவீங்க. செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கு எம்பிள்ளையப் பத்தின பயமே போதும். உங்களையும் தேத்திக்கிட்டு உக்காரத் தெம்பில்ல. போங்க நெல்டாம்மா’ என்றார். இத்தனை மாதம் ஒன்றாகச் சாப்பிட்டும், மனசு எப்படி இருக்கிறது என்று நூறு தடவை கேட்டிருக்கிறேனே தவிர, பிள்ளையை எப்படி அடக்கம் செய்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தெரியாமல் செய்ததுதானே என்று அப்பா தேற்றுகிறார். கோப்பையை அள்ளியது தெரியாமல்தான். கையை ஒளித்தது தெரிந்தேதானே. வருகிற வியாழக்கிழமை எழுந்து நின்று, அது என் கை என்று சொல்லப்போகிறேன். கேட்பதற்குப் பிரூயிட் அம்மா அங்கே இருக்கமாட்டார், ஆஸ்பத்திரியில் மகனோடு இருப்பார். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கர்த்தர் உன் வீட்டையும் வாசலையும் காக்கட்டும், குழந்தை நோய்நொடி இல்லாமல் வளரட்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. மறக்காதே, செவ்வாய்க்கிழமை ஜெபிக்கும்போது ‘அம்மாவுக்கு ஆறுதல் கொடு’ என்று என் பெயரைச் சொல்லிவைக்காதே. கிளிஃப்டன் பிரூயிட், அந்தப் பெயரைச் சொல்.

உன் அம்மா,
நெல்டா