எர்ணாவூர் யார்டு வழக்கும் நான் கொடுத்த வார்த்தையும்

அக்கா,

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் இருமல் அடங்கித் தூங்கினாள். துணிகளை மூட்டை கட்டும்போது, நீங்கள் வக்கீலிடம் எடுத்துப்போன எங்கள் வீட்டு வெள்ளைத் தலையணை உறை கையில் கிடைத்தது. எத்தனை முறை துவைத்தும் டீசல் நெடி போகவில்லை.

அன்று அதை அவர் மேசைமேல் விரித்தீர்கள். ஜன்னலோரம் ஒரே இரவில் படிந்த கரி. "பாருங்க சார், எங்க புள்ளைங்க இத்தத்தான் இஸ்துகினு கீதுங்க."

வக்கீல் அதைத் தொடவில்லை. புகை எவ்வளவு என்று நீதிபதி அளக்கமாட்டார், தெருவையொட்டிக் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் யார்டுக்கு அனுமதி தருமுன் மாநகராட்சி உங்களைக் கேட்டதா என்றுதான் பார்ப்பார் என்றார்.

"எங்கள எவன் சார் கேட்டான்? வூட்டுல புருசனே கேக்க மாட்டான்" என்றீர்கள். அவரே சிரித்துவிட்டார். திரும்பும் பஸ்ஸில்தான் உங்களுக்குக் கோபம் வந்தது. "அப்போ கேட்டுட்டு குட்த்திருந்தா அது நல்ல புகையாடி?"

வக்கீல் சொன்ன காரணத்தாலேயே ஜெயித்தோம். அனுமதி ரத்து என்றதும் பையன்கள் தீபாவளியில் மிஞ்சிய வெடிச் சரத்தைத் தெருவில் கொளுத்தினார்கள். தீர்ப்பைப் படித்துச் சொன்னவள் நான். குடியிருப்பவர்களை நேரில் கேட்டு மாநகராட்சி மறுபடி முடிவெடுக்கலாம் என்று கடைசியில் இருந்தது. உடனே நீங்கள், "சரத்த நிறுத்துங்கடா, இன்னும் ஒண்ணும் முடியல" என்றீர்கள்.

"வெடிக்கிறத எப்டிக்கா நிறுத்துறது?" என்று பையன்கள் சிரித்தார்கள்.

என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "அவங்க கூப்ட்டு கேக்கறப்போ நீ பேசு. எனக்கு கோவம் வந்துரும், காரியம் கெட்டுரும்." சரி என்றேன். அவர்கள் கூப்பிடுவதற்குள் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. மனுப் போட்ட நீங்கள் எங்களை விட்டே போய்விட்டீர்கள். ஒரே சுவர்தான் நம் இரண்டு வீட்டுக்கும். அந்தப் பக்கம் இப்போது சத்தமே இல்லை.

நாளைக் காலையில் நேரில் வந்து பேச மாநகராட்சியில் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் நாங்கள் தாம்பரம் பக்கம் வீடு மாறுகிறோம். குழந்தைக்கு இளைப்பு, டாக்டர் இடத்தை மாற்றச் சொன்னார். தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளையும் அதே இளைப்பு மருந்தைத்தான் உறிஞ்சுகிறான். அவன் அம்மா நேற்று மீன்குழம்பு கொண்டுவந்து, "நீ பேசுறல்ல, எனக்கு பயமே இல்ல" என்றாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பேசுகிறவர்கள் முதலில் வீட்டு முகவரியைச் சொல்ல வேண்டுமாம். இன்னும் இங்கேதான் இருக்கிறேன், நான் சொல்வது பொய்யாகாது. ஆனால் யார்டு தரப்பில் ஒருவர் எழுந்து, "இவங்க காலி பண்ணிட்டுப் போறவங்க" என்றால் தெருவின் பேச்சே எடுபடாமல் போகும். எதிர்வீட்டுக்காரியைப் பேசச் சொல்லலாம். அதிகாரியைக் கண்டாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளைக் கேட்பதற்கு முன், நான் வீடு மாறுவதை அவளிடம் சொல்ல வேண்டும்.

உங்களுக்குக் கொடுத்த வார்த்தை என்னிடம்தான் இருக்கிறது. அதை மூட்டையிலும் கட்ட முடியவில்லை, விட்டுவிட்டும் போக முடியவில்லை. நானே பேசட்டுமா, அவளைப் பேசவிட்டுப் பக்கத்தில் நிற்கட்டுமா?

விடிவதற்குள் பதில் சொல்லுங்கள் அக்கா.