மூன்றாவது வளைவு

நானா,

இன்று காலை பெல்மதுளைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே எழும்பும் புதுக் கடையிலிருந்து ஈரச் சீமெந்து வாசனை வந்தது. சொந்த அண்ணனைப் போல நானா என்று கூப்பிட்டுப் பழகிய உங்கள் ஞாபகம் உடனே வந்தது.

தொண்ணூற்றாறில் நாம் இலங்கையிலிருந்து சவூதிக்கு மேசன் வேலைக்குப் போய் இறங்கிய இடம் தானாக வளர்ந்த ஊர் இல்லை. கடலோர மணலில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதுபோலத் திட்டமிட்டு எழுப்பிய புது நகரம். ஒரு பக்கம் எண்ணெய் ஆலைகள், மறுபக்கம் குடியிருப்புகள், நடுவில் நட்டு வளர்த்த மரங்கள். குடியிருப்புக்கு ஒரு பள்ளிவாசல். ஒன்று மண் நிறச் சுவரும் முக்கோணத் துவாரங்களுமாக அந்த நாட்டுப் பழைய வீடு போல இருக்கும். இன்னொன்று பெரிய கும்மட்டமும் ஒல்லி மினாராக் கோபுரமுமாகத் துருக்கிப் பாணி. தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. லீவு நாளில் என்னை நடத்திக் கூட்டிப்போய் நீங்கள் சொன்னீர்கள்: "பைப்பும் புகைக்கூடும் எந்த நாட்டுலயும் ஒரே மாதிரிதான். இந்தப் பள்ளிவாசல் வளைவப் பாத்தாத்தான் நாம எங்க நிக்கிறோம்னு தெரியும்."

நாம் கட்டிய பள்ளிவாசலின் முகப்பில் ஏழு கூர் வளைவுகள். மூன்றாவதற்கு, வளைவைத் தாங்கும் பலகைச் சட்டம் வைத்தவன் நான். வெயிலில் தலை சுற்றியது. தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கவில்லை. பூச்சு முடிந்த பிறகுதான் உச்சி இரண்டு விரல் விலகியிருப்பது தெரிந்தது. பள்ளிவாசலில் இந்துக்காரன் செய்த பிழை என்று பேச்சு வருமோ என்று பயந்தேன். ஊரில் அம்மா வேறு ஆஸ்பத்திரியில். மேற்பார்வையாளர் யார் வேலை என்று கேட்டபோது நான் தலை குனிந்து நின்றேன்.

"நான்தான் வச்சேன்" என்றீர்கள்.

வளைவை இடித்தார்கள். அந்த மாதமே உங்களை ஊருக்கு அனுப்பினார்கள். திரும்பக் கட்டும் வேலை எனக்கே வந்தது. வேனில் ஏறும்போது, இந்தத் தடவையாவது குண்டு பிடித்துப் பார்க்கச் சொல்லிச் சிரித்தீர்கள்.

இரண்டு வருடம் கழித்து நானும் ஊருக்கு வந்தேன். அதன்பின் வரக்காப்பொலவில் உங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் அந்தப் பேச்சை எடுக்க நினைத்து, எடுக்காமலே திரும்பினேன். நீங்களும் வளைவுக்கு என்ன நிற டைல் பதித்தார்கள் என்பதைத்தான் கேட்டீர்கள்.

நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனது. உங்கள் மனைவி வெளியாரைச் சந்திக்காமல் துக்கம் காக்கும் இத்தா நாட்கள் முடியும்வரை காத்திருந்து போய், நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"எனக்குத் தெரியும் தம்பி. வந்த அன்னைக்கே சொல்லிட்டார். நீங்க வந்தா அதப் பத்திக் கதைக்க வேணாம்னும் சொன்னார்."

எல்லாம் தெரிந்துதான் அத்தனை வருடமும் அவர் எனக்குச் சோறு போட்டிருக்கிறார். போதும் என்று நான் கையால் மறித்தாலும், இரண்டாம் தடவையும் கறி ஊற்றியவர் அவர்தான், நானா.