பீரோ மேல் ஏறிய பை

என்னங்க,

வலி வந்துடுச்சு. உங்க போன் மில் லாக்கர்ல அடிச்சுக்கிட்டே இருக்கு. மாடி வீட்டு அக்கா வண்டி கூட்டிட்டு வந்து கீழே நிக்கிறாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

ஒரு மாசத்துக்கு முன்னாடியே பிரசவப் பையைக் கட்டி, பத்திரமா பீரோ மேல ஏத்தி வெச்சீங்களே, மகராசா! இறக்கி வைங்கன்னு நேத்து சொன்னதுக்கு, "இன்னும் நாள் இருக்கு"ன்னு சண்டை. இந்த வயித்தோட ஸ்டூல்ல ஏறவா முடியும்? தலையணை உறையில ரெண்டு துணியைத் திணிச்சுட்டுப் போறேன். பையோட வாங்க.

சோறு குக்கர்ல இருக்கு, சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. சாவியைக் கீழ் வீட்ல குடுத்துடுங்க, எங்கம்மா வருவாங்க. மிச்ச சண்டையை அப்புறம் போட்டுக்கலாம், இப்பத் தெம்பில்ல.

பி.கு.: "பிரசவத்துக்கு நீங்க வரவே வேணாம்"னு நேத்து கத்தினேன்ல? அதை நம்பித் தொலைச்சுடாதீங்க.